கற்பனைப் பாத்திர ஆட்டங்களில் சொற்குற்றமும் பொருட்குற்றமும்

மேசையைச் சுற்றிச் சிலர் கூடியிருந்து ஆடும் கற்பனைப் பாத்திர ஆட்டம் என்பதொன்று மேனாடுகளில் அரை நூற்றாண்டாக வழங்கி வருகின்றது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகைக்கு முன்னோடியாகும். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி அதன் சொல்லையும் செயலையும் உரைப்பர். ஐயத்திற்கிடமான செயலின் முடிவைப் பகடை அறுதியிடும். இவ்வாட்டத்திற்குத் தலையாய கருவி சொல்லே. ஆகலின், பிற மக்களின் பண்பாட்டை இழிவுறுத்தும் சொற்கள் இதன்கண் உளவோ என்பது பற்றி எழுந்துள்ள பூசல் மொழியாராய்ச்சியாளர்க்கும் உரிய பொருளாகின்றது. அப்பூசலின் கூறுகளைப் பிரித்துணரத் தமிழிலக்கணம் துணைசெய்யும் என்பதை ஈண்டு விளக்குவாம்.

1. குழூஉக்குறி என்னும் வாதம்

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றலும் குழூஉக்குறிக்கு உரைகாரர் காட்டுவன. சொல்மாற்றம் வேண்டா என்பார், தம் ஆட்டச் சொற்களும் அவ்வாறே ஒரு குழுவினுள் தனிப்பொருள் பெற்றன என்பர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. பொற்கொல்லர் பறி என்றது புறத்தார் அறியாமைப்பொருட்டு. ஆட்டநூலார் மக்களினத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ என்னும் சொல்லை எடுத்தாண்டது, புறத்தார் முன்னரே அறிந்த பொருளைக்கொண்டு தம் கற்பனையுலகை எளிதில் விளங்கவைத்தற்பொருட்டு. புறப்பொருளை விளக்கத்திற்குத் துணைக்கொண்டு, குறைகூறுங்கால் மட்டும் அதனை மறுத்தல் முறையன்று. எனவே இவற்றைக் குழூஉக்குறி எனக் கொண்டு அமைதல் இயலாது.

2. சொற்குற்றம்

இவ்வாட்டத்தில் ‘லிச்’ எனப்படுவான், இறந்தும் அழியாது திரியும் கொடிய மந்திரவாதி. அவன் தன் உயிரைப் பொதிந்துவைக்கும் கலத்திற்கு ‘ஃபிலாக்டரி’ என்று பெயரிட்டனர். கிரேக்க மூலத்தில் அச்சொல் காப்பு என்னும் பொருட்டு. ஆனால் ஆங்கில வழக்கிலோ, யூதர் காலைத் தொழுகையிற் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும், மறைமொழிச் சுருளடங்கிய சிறு தோற்பேழையையே அது சிறப்பாகக் குறிக்கும். வேர்ப்பொருள் தூயதாகலின் குற்றமில்லை என்பார் கூற்றுப் பொருந்துமா? நாற்றம் என்னும் சொல் பண்டை நூல்களில் நறுமணத்தையும் குறித்தது. அதுகொண்டு இன்று ஒருவர் சூடிய மலரை நாற்றமுடைத்து என்பார் நகைப்பிற்கே இடமாவர். சொற்பொருளுக்கு வழக்கே சான்று. 2025-இல் வெளிவந்த ஆட்டநூலில் இக்கலம் ஆவிக்குடம் என்னும் பொருள்படப் பெயர்மாற்றம் பெற்றது. கதையில் யாதும் குறைந்திலது. ஒரு சமயத்தார் போற்றும் பொருளின் பெயர் மட்டும் நீங்கிற்று. இத்தகையது சொற்குற்றம், சொல்லை மாற்றவே அது தீரும்.

3. பொருட்குற்றம்

‘ரேஸ்’ என்பதன் நிலை வேறு. 1978-ஆம் ஆண்டு நூலில், ‘ஓர்க்’ என்னும் இனக் கலப்பிற் பிறந்த பாத்திரத்திற்கு வலிமை 1 கூடும். உடலுரன் 1 கூடும். பிறரை ஈர்க்கும் திறன் 2 குறையும். 2016-இல் வெளிவந்த ஒரு நூல் ஓர்க் பாத்திரத்தின் அறிவில் 2 குறைத்தது. பிறப்பே அறிவையும் ஒழுக்கத்தையும் வரையறுக்கும் என்னும் கருத்து இங்கு எண்ணாகவே வடிக்கப்பட்டுள்ளது. குற்றம் பெயரில் மட்டும் இல்லை, விதியிலும் உள்ளது.

ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020 சூன் திங்களில், ஓர்க் முதலியோரைப் பற்றிய தன் பழைய வருணனைகள், உலகில் மெய்யாகவே வாழும் இனத்தார் இழிவுபடுத்தப்பட்ட முறையை நினைவூட்டுவன என ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே அறிவுக் குறைப்பும் நீக்கப்பட்டது. ‘ரேஸ்’ என்பதை விடுத்து, உயிரினம் எனப் பொருள்படும் ‘ஸ்பீசிஸ்’ என்பதை ஏற்பதாக 2022-இல் அறிவித்து, 2024-ஆம் ஆண்டு நூலில் அதனை ஆண்டனர். திறன்களின் ஏற்றமும் பிறப்பினின்று நீக்கப்பட்டுப் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணிக்கு உரியதாயிற்று. விதி மாறாது பெயர் மட்டும் மாறியிருப்பின், அது சுடுகாட்டை நன்காடு என்றாற்போலும் மங்கலமாய் ஒழிந்திருக்கும்.

புதிய சொல்லும் தடைக்கு உரியதே. உயிரினம் என்பது உயிர்நூலார் சொல்லாகலின், வேற்றுமையைக் குறைப்பதற்கு மாறாக மிகுவிக்கும் என்பாரும் உளர். ‘பாத்ஃபைண்டர்’ என்னும் பிறிதோர் ஆட்டத்தின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு, முன்னோர் வழி எனப் பொருள்படும் ‘ஆன்செஸ்ட்ரி’ என்பதைக் கொண்டது. அதுவே செப்பமுடைத்தென்பது எம் கருத்து.

4. அரக்கரும் மிலேச்சரும்

நமக்கு அணுக்கமான சான்றும் உண்டு. 1977-ஆம் ஆண்டு நூல் இந்திய இலக்கியத்து அரக்கரை ‘ராட்சசர்’ என்னும் பெயரால் எடுத்துக்கொண்டு, புலித்தலையும் புகைக்குழாயும் உடையவராகப் படம் வரைந்து, தீமையே இயல்பாக வகுத்தது. புலித்தலை கற்பனையின் உரிமை எனலாம். குலம் முழுதும் தீயது என்பதோ மூலத்திற்கே முரண். வீடணன் அரக்கர் குலத்தவனாயிருந்தும் அறத்தின் வழி நின்றதைக் கம்பர் விரித்துரைத்தார். பெயரைக் கொண்டு வீடணனை விட்டமையே இங்குப் பொருட்குற்றமாகும்.

எனினும் இக்குற்றம் மேனாட்டார்க்கே உரியதென்று தருக்குதல் ஆகாது. வேற்றுமொழி பேசுவாரைக் கிரேக்கர் விளங்கா ஒலியினர் என்னும் பொருள்பட அழைத்த பெயரின் வழிவந்த ‘பார்பேரியன்’ என்பது, 2024-ஆம் ஆண்டு நூலிலும் ஒரு பாத்திரவகைக்குப் பெயராக நிற்கின்றது. முல்லைப்பாட்டிலும் பாசறைக் காவலராகிய மிலேச்சர் நாவாற் பேசாது உடலாற் குறிப்புணர்த்துவோராகவே காட்டப்படுகின்றனர். பிறர் மொழியைக் கேளாமை எல்லா மொழியினர்க்கும் பொதுவாகிய குறையாம்.

ஆகவே, ஒரு சொல்லின்மேல் குறை எழுங்கால் முதற்கண் வினவத்தக்கது, குற்றம் சொல்லின்பாலதா, அச்சொல் சுட்டும் கருத்தின்பாலதா என்பதே. முன்னதாயின் சொல்லை மாற்றுதல் அமையும். பின்னதாயின் கருத்தை மாற்றியபின்னரே சொல்மாற்றம் பயன்தரும். இப்பகுப்பை உணராதவழி, ஒருசாரார் எல்லாவற்றையும் வீண்பூசல் எனத் தள்ளுவர். மற்றொரு சாரார் பெயரை மாற்றி அமைதிகொள்வர். இவ்விரண்டும் ஆராய்ச்சியாளர்க்கு ஏற்புடைய நெறிகள் அல்ல.