விசா உங்கள் பெயரில், மனு யார் பெயரில்?

ஹைதராபாத்தின் மேற்கே, உஸ்மான் சாகர் ஏரிக்கு அருகே இருக்கிறது சில்கூர் பாலாஜி கோயில். வேண்டுதலோடு வருகிறவர்கள் 11 சுற்று சுற்றுகிறார்கள். வேண்டியது நிறைவேறியதும் திரும்பி வந்து 108 சுற்று. கணக்குத் தவறாமலிருக்க, எண்கள் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒரு கட்டமாக அடித்தபடி நடக்கிறார்கள். உண்டியல் இல்லாத இந்தக் கோயிலுக்கு ‘விசா பாலாஜி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊருக்குள் அமீர்பேட்டையில் தெருவுக்குத் தெரு சாஃப்ட்வேர் பயிற்சி நிலையங்கள். நானக்ராம்குடாவில் 2023 மார்ச் முதல் புது வளாகத்தில் இயங்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். பயிற்சி, பிரார்த்தனை, நேர்காணல் மூன்றும் ஒரே நகரத்துக்குள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் தாள்களைப் படித்துப் பார்ப்பதை மட்டும் பலரும் கம்பெனியிடமோ வக்கீலிடமோ விட்டுவிடுகிறார்கள். ஹைதராபாத்தின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களும் இதற்கு விலக்கல்ல. வேலை விசாவின் அடிப்படை ஒன்றுதான்: அனுமதி கேட்பவர் முதலாளி, அனுமதி கிடைப்பதும் அவர் தரும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற சொற்கள் தாமாக விளங்கும்.

எச்-1பி: மனுதாரர் நிறுவனம்தான்

பட்டப்படிப்பு தேவைப்படும் சிறப்புத் தொழில்களுக்கான விசா எச்-1பி. 1990-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. முதலில் மூன்று ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் ஆறு ஆண்டு. இதில் நிறுவனம் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ‘எல்.சி.ஏ.’ என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்கிறது. என்ன வேலை, எந்த ஊரில், என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வட்டாரத்தில் அதே வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுக்க முடியாது. எல்.சி.ஏ.வின் நகலை, வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியரிடம் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘பெட்டிஷன்’. ஐ-129 என்ற படிவத்தில் குடியேற்றத் துறையிடம் நிறுவனம் தரும் மனு இது. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. கேட்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதால், மார்ச் மாதம் பதிவு செய்து குலுக்கல் நடத்துகிறார்கள். நம்மவர்கள் ‘லாட்டரி’ என்று சொல்வது இதைத்தான். தேர்வானவர் அக்டோபர் 1 முதல் வேலை செய்யலாம். ஒருவருக்காகப் பல நிறுவனங்கள் பதிவு செய்து வாய்ப்பைப் பெருக்கிய வழி 2024-ல் அடைபட்டது. அதன்பின் ஒரு பாஸ்போர்ட், ஒரு வாய்ப்பு. 2026 மார்ச் பதிவிலிருந்து அதுவும் மாறியது: சம்பள நிலை நான்கில் இருப்பவர் பெயர் நான்கு முறையும், நிலை ஒன்றில் இருப்பவர் பெயர் ஒரே முறையும் குலுக்கலில் சேரும். படித்து முடித்த கையோடு விண்ணப்பிப்பவருக்கு இது பெரும் பாதகம்.

2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் இன்னொரு சுமை. புதிய மனுவுக்கு 1 லட்சம் டாலர், அப்போதைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். 12 மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட இந்தக் கட்டணம், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கான மனுவைக் குறிவைப்பது. அமெரிக்காவிலேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கம் தந்தது.

ஸ்டாம்பிங் வேறு, ஸ்டேட்டஸ் வேறு

அதிகம் குழப்பும் இடம் இது. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா (இதை ஒட்டுவதுதான் ‘ஸ்டாம்பிங்’), அமெரிக்க வாசலில் போய் நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கு மட்டும். உள்ளே உங்கள் ‘ஸ்டேட்டஸ்’ என்ன, எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. விசா 2028 வரை இருந்தாலும், ஐ-94 தேதி முடிந்தால் தங்குவது சட்டமீறல்.

மனு ஒப்புதலானால் வரும் தாள் ஐ-797. அதில் ‘ஏ’ என்றிருந்தால் அடிப்பகுதியில் புது ஐ-94 ஒன்று இணைந்திருக்கும். அமெரிக்காவில் இருப்பவர் அப்படியே தொடரலாம். ‘பி’ என்றிருந்தால் ஐ-94 இருக்காது. தூதரகத்துக்குப் போய் ஸ்டாம்பிங் முடித்தே நுழைய வேண்டும். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

மனுவைப் பரிசீலிக்கும்போது கூடுதல் ஆதாரம் கேட்டு வருவது ‘ஆர்.எஃப்.இ.’. நேர்காணலில் முடிவு சொல்லாமல், கூடுதல் ஆவணமோ விசாரணையோ தேவை என்று கொடுக்கும் சீட்டு ‘221(ஜி)’. இரண்டுமே இறுதி மறுப்பு அல்ல, பதில் தரலாம். 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் இல்லாத ‘டிராப்பாக்ஸ்’ வசதி வேலை விசாக்காரர்களுக்கு இல்லாமல் போனது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராய்கிறார்கள். இதனால் இந்தியத் தூதரகங்களில் நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வருவதென்றாலும் இனி இதை யோசித்தே டிக்கெட் போட வேண்டும்.

படிப்பிலிருந்து வேலைக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர், படித்து முடித்ததும் 12 மாதம் வேலை செய்ய அனுமதிப்பது ‘ஓ.பி.டி.’. அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்யும் வேலை ‘சி.பி.டி.’.

தெலுங்குக் குடும்பங்கள் பலவும் அடிபட்டது, இந்த சி.பி.டி.யைக் காட்டி மாணவர்களைச் சேர்த்த போலிப் பல்கலைக்கழகங்களால்தான். 2011-ல் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மோசடி என்று மூடப்பட்டது. ஆந்திர மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். 2019 ஜனவரியில் மிச்சிகனின் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அமெரிக்க அரசே விரித்த வலை அது. அப்போது பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள், பெரும்பாலோர் தெலுங்கு பேசுபவர்கள். வகுப்புக்கே போகாமல் முதல் நாளிலிருந்து முழுநேர வேலை என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

எல்-1, எச்-4

ஒரே நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றுவது எல்-1. கடந்த மூன்றாண்டில் தொடர்ந்து ஓராண்டாவது இந்தியக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். மேலாளருக்கு எல்-1ஏ, ஏழாண்டு வரை. நிறுவனத்தின் தனி நுட்பம் அறிந்தவருக்கு எல்-1பி, ஐந்தாண்டு வரை. குலுக்கல் கிடையாது. ஆனால் இந்த விசாவோடு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது.

எச்-1பி ஊழியரின் கணவர், மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எச்-4. பெரும்பாலும், கிரீன் கார்டு பாதையில் ஐ-140 மனு ஒப்புதலானவரின் துணைக்கே வேலை அனுமதி உண்டு. 2015-ல் வந்த விதி அது. எச்-4-ல் இருப்பவரைக் குறிக்கும் ‘டிபென்டன்ட்’ (சார்ந்திருப்பவர்) என்ற சொல்லின் கனம் என்ன என்பதை 2017 பிப்ரவரி 22 காட்டியது. அன்று கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் இனவெறியன் ஒருவன் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவைச் சுட்டுக் கொன்றான். கணவரின் விசாவை அண்டியிருந்த மனைவியின் வசிப்புரிமையும் அந்தச் சாவோடு போனது. இறுதிச் சடங்குக்கு ஹைதராபாத் வந்த அவர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தலையிட்ட பிறகே தம் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப முடிந்தது. கணவனை இழந்த பெண்ணை விசா கணக்குப் பார்க்க வைக்கும் சட்டம் கொடுமையானது.

கிரீன் கார்டு வரிசை

இதிலும் முதலடி முதலாளியுடையது. தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்டுவது ‘பெர்ம்’. பிறகு ஐ-140 மனு. கடைசியாக ஊழியரே போடும் ஐ-485. பெர்ம் தாக்கலான நாள்தான் ‘பிரையாரிட்டி டேட்’, அதாவது வரிசையில் உங்கள் இடம். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த நாட்டுக்கும் 7 சதவீதமே பொது உச்சவரம்பு. இந்தியாவுக்கும் அதே அளவு, ஐஸ்லாந்துக்கும் அதே அளவு. பார்ப்பது பிறந்த நாட்டை. கனடா குடியுரிமை வாங்கினாலும் இந்திய வரிசைதான். 2025 கடைசியில் இந்தியர்களுக்கான ‘இ.பி.-2’ என்ற வேலைவழிப் பிரிவு 2013-ஆம் ஆண்டுத் தேதிகளில்தான் நின்றது. காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயதானால் எச்-4 போய்விடும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள்

நிஜாமாபாத், கரீம்நகர், ஜகித்யால் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களும் ஹைதராபாத் வழியாகத்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கான விதிகள் நம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ குறிப்பு இருக்கும். இந்தக் குறிப்புள்ளவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஏஜென்ட் உண்மையானவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ அரசுத் தளத்தில் பார்க்கலாம். இந்த வழியில் போனால் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்பவர் உங்களை இந்தப் பாதுகாப்பு எல்லாவற்றிலிருந்தும் வெளியே தள்ளுகிறார். சவூதியில் தங்குவதற்கான அட்டை ‘இகாமா’. வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி புகார் கொடுப்பது ‘ஹுரூப்’. அங்கும் பிடி பெரும்பாலும் முதலாளி கையில்தான்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

பிடி அவர்கள் கையில் என்பதற்காக உரிமையே இல்லை என்றாகாது. எச்-1பியில் பிராஜெக்ட் இல்லாமல் ‘பெஞ்ச்’சில் இருந்தாலும் சம்பளம் தந்தாக வேண்டும். மனுவோடு சேர்ந்த பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் வாங்குவது சட்டவிரோதம். வேறு நிறுவனம் புது மனு போட்டதுமே அங்கே சேரலாம். வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். மனுதாரர் யார்? எந்த ஊரில், என்ன சம்பளம் என்று எழுதியிருக்கிறது? ஐ-94 முடியும் தேதி என்ன? பணம் கேட்டால், எந்தச் சட்டப்படி? பதில் எழுத்தில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாத் தாள்களின் நகலையும் உங்களிடமும் ஊரில் உள்ள வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.