உபாத்தியாயினி இல்லாத ஊர்

தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோவிலையும், பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையையும் தரிசிக்க வருவோர், ஊருக்குள் வீட்டு முற்றங்களில் உலரும் பனையோலையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குருத்தோலையை வகிர்ந்து, சாயத்தில் தோய்த்து, பெட்டியாக முடையும் அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அதே பனையின் ஓலைதான் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடாயிற்று. ஆனால் அங்கே எழுத்தாணி பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கடற்கரைப் பெண்களோ, ஜபங்களைத் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து ஒப்பித்தும், மீனை விலை பேசி விற்றும் வந்தார்களேயொழிய, கடன்பத்திரம் கைக்கு வந்தால் அதைப் படித்துக் காட்ட இன்னொருவரைத் தேட வேண்டியிருந்தது.

ஸ்திரீகளுக்கு வித்தை வேண்டாமென்ற வைதிக மனோபாவமே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். அது பாதி உண்மைதான். மறுபாதி, கற்பிக்கப் பெண் இல்லாமை. வயது வந்த பெண்ணை ஆண் உபாத்தியாயரின் எதிரே உட்கார வைக்கப் பெற்றோர் இசையவில்லை. உபாத்தியாயினியை நியமிக்கலாமென்றால், அதற்குப் படித்த பெண் ஒருத்தி முன்பே இருந்தாக வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்த கதை மணப்பாட்டிலிருந்து அதிக தூரத்தில் நடக்கவில்லை. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலிசா அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, லேஸ் பின்னவும் கற்பித்தார். வருமானம் தரும் கைத்தொழிலோடு வந்த கல்விக்கு வீட்டுக் கதவு சற்று எளிதாகத் திறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன்பின், இந்தியாவைக் கண்ணாலும் காணாத சாராள் டக்கர் என்ற ஆங்கில மாதரசியின் ஞாபகார்த்தமாக, ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் பாடசாலை ஒன்று இப்பிரதேசத்தில் தோன்றி, பாளையங்கோட்டையில் நிலைபெற்று, 1895-இல் கல்லூரியாக உயர்ந்தது.

பயிற்சி பெற்ற ஒரு பெண் மாதச் சம்பளத்தோடு கிராமத்தில் குடியேறும்போது என்ன நிகழ்கிறது? பாடம் சொல்வதைவிட அவள் அங்கே இருப்பதே பெரிய போதனையாகிறது. தன் மகளுக்கும் அப்படியொரு வாழ்வு கூடுமென்று தாய் கண்கூடாகக் காண்கிறாள்; விவாகம் சில ஆண்டுகள் தள்ளிப்போகிறது; தாயின் வயதும் அறிவும் ஏற ஏறச் சிசு மரணம் குறைகிறது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான குழந்தைகளே பிறப்பதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு முக்கிய காரணம்.

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையின் பெண்களுக்குக் கல்லூரி அருகில் வந்தது 1948-இல், தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி நிறுவப்பட்டபோதுதான். அதற்குப் பின்னும் தடை நீங்கிவிடவில்லை; பஸ் செலவும் புத்தகச் செலவும் எத்தனையோ பெண்களைப் பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தின. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தபோது, இக்கரையில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. இங்கே தலைமுறைகளாகப் பெண்களைப் படிக்க வைத்தவை பெரும்பாலும் திருச்சபையார் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள். ஆகவே அவற்றில் படித்தவர்கள் அத்திட்டத்துக்குப் புறத்தே நின்றார்கள். உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் அது விரிவாக்கப்பட்டது 2024 டிசம்பரில். அவ்விரிவாக்கத்தின் தொடக்கவிழா தூத்துக்குடியிலேயே நடந்தது. பணம் தகப்பனார் கைக்குப் போகாமல், மாணவியின் வங்கிக் கணக்கிலேயே வரவாகிறது.