குறுந்தகட்டை அச்சு அசலாக நகலெடுப்பது எப்படி?

புதுதில்லி: கேரள சட்டப்பேரவைத் தேர்தல் தொடர்பான அன்வர் - பஷீர் வழக்கில், கணினி வழியே நகலெடுக்கப்பட்ட குறுந்தகடுகளை உரிய சான்றிதழின்றிச் சான்றாக ஏற்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், 63-ஆவது பிரிவின்கீழ் அளிக்கப்படும் சான்றிதழில் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிப்பிட வேண்டும் என்கிறது.

ஒரு பதிவின் அனைத்து பிட்டுகளையும் கொண்டு கணக்கிடப்படும் கைரேகை போன்றதே இம்மதிப்பு. ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முழுவதும் மாறிவிடும். எனவே, கோப்புகளை மவுஸால் இழுத்து வேறிடத்தில் போடுவது போதாது. கோப்புகள் வந்து சேரும். தகட்டின் கோப்பு அமைப்பும் கணினியைத் தொடக்கும் பகுதியும் வாரா.

லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள ‘டிடி’ என்ற கட்டளை, தகட்டை முதல் செக்டரிலிருந்து வரிசையாகப் படித்து ஒரே பிம்பக் கோப்பாகச் சேமிக்கிறது. தரவுக் குறுந்தகட்டில் ஒரு செக்டருக்கு 2,048 பைட் தரவு இருப்பதால், தொகுதி அளவாக அதையே தருவது வழக்கம்.

பலரும் இடறுவது தகட்டின் முடிவில்தான். எழுதும் முறையைப் பொறுத்து, தரவு முடிந்த பின்னும் படிக்க இயலாத சில செக்டர்களோ வெற்று செக்டர்களோ எஞ்சியிருக்கும். அங்கு டிடி பிழை காட்டி நின்றுவிடலாம். அல்லது வெற்றிடத்தையும் சேர்த்துப் படித்துவிடலாம். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் மூலத்தின் ஹாஷும் நகலின் ஹாஷும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நகல் கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. கோப்பு அமைப்பின் உண்மையான அளவை ‘ஐஎஸ்ஓசைஸ்’ கட்டளையால் அறிந்து, அத்தனை செக்டர்களை மட்டும் படிக்கச் செய்ய வேண்டும். பின்னர், தகட்டின் அதே பகுதிக்கும் பிம்பக் கோப்புக்கும் ‘ஷா256’ மதிப்பைத் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடலாம்.

கீறல் விழுந்த தகடுகளுக்கு ‘டிடிரெஸ்க்யூ’ ஏற்றது. நலமான பகுதிகளை முதலில் மீட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பும். எவை மீண்டன, எவை மீளவில்லை என்பதை வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், வேறொரு டிரைவில் தகட்டை இட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மடிக்கணினிகளில் டிரைவே அரிதாகிவிட்ட இந்நாளில், இரண்டாவது டிரைவைத் தேடுவதுதான் கடினம்! மீளாத செக்டர்கள் பிம்பக் கோப்பில் பூஜ்ஜியங்களாக நின்றால், அதன் ஹாஷ் பழுதுறாத மூலத்தின் ஹாஷ் ஆகாது. ஆகவே வரைபடக் கோப்பையும் பிம்பத்துடன் பாதுகாப்பது அவசியம்.

இசைக் குறுந்தகடுகளில் கோப்பு அமைப்பே இல்லாததால் டிடி பயன்படாது. ‘சிடிபாரனோயா’ போன்ற கருவிகள் தேவை. திரைப்பட டிவிடிகளின் நிலை வேறு. அவற்றின் நகல் தடுப்புப் பூட்டை உரிமை மீறும் நோக்குடன் உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி குற்றமாகும்.