டிராகன் விழுந்த பிறகு

1999இல் எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டு வெளிவந்தபோது அதன் உலகில் எல்லாரும் அஞ்சிய இரண்டு டிராகன்கள் இருந்தன: லேடி வாக்ஸ், லார்ட் நாகஃபென். ஒரு சின்னக் குழு கிட்டேகூடப் போக முடியாது. பல குழுக்கள் ஒன்று சேர்ந்து, கண்விழித்து, செத்துச் செத்து எழுந்து வந்து அடித்தால்தான் விழும். விழுந்த உடலில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பொருள்கள். சுற்றி நிற்பவர்களோ ஒரு கூட்டம். கிடைத்ததை எப்படிப் பங்கிடுவது என்பதை விளையாட்டை உருவாக்கியவர்கள், விளையாடுகிறவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பொறுப்பை அவர்கள் அழகாக ஏற்றுக்கொண்டார்கள். ஆஃப்டர்லைஃப் என்ற கில்டில், அதாவது நிலையாகச் சேர்ந்து ஆடும் அணியில், தாட் என்ற பெயரில் ஆடியவர் ஒரு கணக்குமுறை வகுத்தார். ரெய்டு எனும் கூட்டுத் தாக்குதலுக்கு வந்தால் புள்ளி, டிராகன் விழுந்தால் புள்ளி; பொருள் வாங்கினால் அதற்கேற்பப் புள்ளி கழியும். டிராகன் கில் பாயிண்ட்ஸ், சுருக்கமாக டி.கே.பி. பின்னாளில் டிராகனே இல்லாத விளையாட்டுகளிலும் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எந்த நிறுவனமும் சொல்லாமல், சம்பளம் இல்லாமல், முகம் பார்த்திராத மனிதர்கள் தங்களுக்குள் ஒரு நாணயத்தையே உண்டாக்கிப் புழங்கவிட்டார்கள். கிரிஸ்டா-லீ மலோன் என்ற ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்விதழில் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற அடுத்த விளையாட்டு வந்தது. அதன் முதல் பெரிய ரெய்டு மோல்டன் கோர்: நாற்பது பேர், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகள் பத்து, வாரம் ஒரு முறை. பெரும்பாலான பாஸ்களிடம் இரண்டு மூன்று பொருள்கள்தான். சின்னக் குழுக்களுக்கு விளையாட்டே 'நீட்', 'க்ரீட்' என்று இரண்டு பொத்தான்களைக் கொடுத்தது. தேவை என்றால் முன்னது, சும்மா கிடைத்தால் சரி என்றால் பின்னது. நீட் அழுத்தியவர்களுக்குள், யாரும் அழுத்தாவிட்டால் க்ரீட் அழுத்தியவர்களுக்குள், ஒன்றிலிருந்து நூறுக்குள் அதிக எண் விழுந்தவருக்குப் பொருள். ரெய்டில் அது போதவில்லை. 'மாஸ்டர் லூட்டர்' என்ற ஒருவர் கையில் எல்லாம் போய்ச் சேரும். அவர் கொடுப்பதே பங்கு.

அந்த ஒருவர் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு கில்டின் குணமும் தெரிந்தது. சிலர் டி.கே.பி. வைத்தார்கள். அதில் ஒரு நோய் சீக்கிரமே தெரிந்தது: பழைய ஆட்கள் புள்ளியைச் சேர்த்துக்கொண்டே போக, புதிதாக வந்தவர் எத்தனை மாதம் உழைத்தாலும் அவர்களை எட்ட முடியாது. எனவே புள்ளிகளை வாராவாரம் கொஞ்சம் தேயவிட்டார்கள். உழைப்புக்கு ஒரு கணக்கு, வாங்கியதற்கு ஒரு கணக்கு வைத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து வரிசை போடும் இ.பி.ஜி.பி. வந்தது. 'சூசைட் கிங்ஸ்' என்ற முறையில் வெறும் பெயர்ப் பட்டியல்தான். பொருள் எடுத்தவர் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார்.

இன்னும் சிலர் புள்ளியே வேண்டாம் என்று, மூத்த உறுப்பினர் நாலைந்து பேர் கூடி முடிவெடுக்கும் 'லூட் கவுன்சில்' வைத்தார்கள். நன்றாக நடந்த கவுன்சிலைவிட நியாயமான முறையை இந்த விளையாட்டுகளில் நான் கண்டதில்லை. கெட்டுப்போன கவுன்சிலைவிட அநியாயமானதையும் கண்டதில்லை.

கவுன்சிலின் கனம் புரிய தண்டர்ஃப்யூரி என்ற வாளை நினைத்துக்கொண்டால் போதும். அதைச் செய்ய இரண்டு பாதிகள் வேண்டும். ஒன்று கார் என்ற பாஸிடமும் மற்றொன்று பேரன் கெடானிடமும் எப்போதாவது விழும். எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும், கைமாற்ற முடியாது. முதல் பாதி விழுந்த இரவில் கில்டு ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். வழக்கமாக அது பாஸின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் டேங்க். அதன்பின் இரண்டாம் பாதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நடுவில் அவர் கோபித்துக்கொண்டு வேறு கில்டுக்குப் போனாலோ, வேலை கிடைத்து விளையாட்டை விட்டாலோ, நாற்பது பேரின் காத்திருப்பும் அவரோடு போய்விடும். ஆகவே கவுன்சில் கேட்ட கேள்வி, யார் திறமைசாலி என்பதோடு நிற்கவில்லை. யார் நம்மோடு இருப்பார், யார் போன வாரம் தன் முறை வந்தும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்றெல்லாம் பார்த்தார்கள். அது மனிதர்களை எடைபோடும் வேலை. பிழை நேரும், நட்புக்குச் சாய்ந்துவிடும், கில்டுகள் உடைந்ததும் உண்டு. ஆனாலும் 'ஏன் எனக்கு இல்லை?' என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

திருடர்களும் இருந்தார்கள். தனக்கு உரிமையில்லாததை அள்ளிக்கொண்டு மறைபவரை 'நிஞ்ஜா' என்றார்கள். தொடக்கத்தில் காசு கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. அதே சர்வரில், அதாவது விளையாட்டு உலகின் அதே பிரதியில், அதே பெயரோடுதான் மறுநாளும் நடமாட வேண்டும். யாரும் குழுவில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஊர்க்கட்டுப்பாடுதான் அன்றைய காவல்.

அது தளர்ந்தது 2009 டிசம்பரில். டஞ்சன் ஃபைண்டர் வந்து, வெவ்வேறு சர்வர்களில் இருப்பவர்களைப் பொத்தான் தட்டியதும் ஒரு குழுவாக்கியது. 2011இல் ரெய்டு ஃபைண்டரும் வந்தது. இன்று சேர்ந்தவரை நாளை பார்க்கப் போவதில்லை என்றான பிறகு கெட்ட பெயருக்கு யார் பயப்படுவார்? வேலி போனதும் சண்டை பெருகியது. விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனம் 2012இல், மிஸ்ட்ஸ் ஆஃப் பாண்டாரியா என்ற விரிவாக்கத்தில், ரெய்டு ஃபைண்டருக்கு 'பர்சனல் லூட்' கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தனியாகக் குலுக்கும். வந்தால் அவருக்கேற்ற பொருள், வராவிட்டால் கொஞ்சம் தங்கம். அறிமுகமில்லாதவர்கள் கூடும் இடத்துக்கு அது சரியான மருந்து, ஐயமில்லை.

2018இல் பேட்டில் ஃபார் ஏஸரோத் என்ற விரிவாக்கம் வந்தபோது அதே மருந்தை எல்லாருக்கும் புகட்டினார்கள். மாஸ்டர் லூட்டர் நீக்கப்பட்டார். ஆண்டுக்கணக்காக ஒன்றாக ஆடிய கில்டுகளும் தங்கள் பங்கைத் தாங்களே பிரிக்க முடியாமல் போயிற்று. எனக்கு வந்த பொருள் எனக்கு வேண்டாம், தோழருக்கு உயிர் என்றாலும், அதற்கு இணையான ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தால்தான் கைமாற்ற விடுவார்கள். முன்னணிக் கில்டுகள் இதற்கும் வழி கண்டன: ஒரே வகைக் கவசம் அணிவோரைக் கூட்டமாகச் சேர்த்து ஓடி, விழுவதை வேண்டியவரிடம் திரட்டினார்கள். கேடு நேர்ந்தது நடுத்தரக் கில்டுகளுக்குத்தான். திருட்டை ஒழிக்க வந்த விதி, விட்டுக்கொடுக்கும் உரிமையையும் சேர்த்து ஒழித்தது. இதை நான் தவறு என்றே சொல்வேன். நிறுவனமும் அதில் நிலைக்கவில்லை. 2022இன் இறுதியில், டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தில், ரெய்டுகளுக்கு நீட், க்ரீட் பொத்தான்கள் திரும்பின.

இதற்கிடையில் 2019 ஆகஸ்டில் பழைய விளையாட்டே 'கிளாசிக்' என்ற பெயரில் மறுபடி திறக்கப்பட்டது. நாற்பது பேர், மோல்டன் கோர், மாஸ்டர் லூட்டர் எல்லாம் வந்தன. பழைய ஊர் மட்டும் வரவில்லை. அந்த வெற்றிடத்தில் இரண்டு முறைகள் வேகமாகப் பரவின.

ஒன்று ஜி.டி.கே.பி. புள்ளிக்குப் பதில் விளையாட்டுத் தங்கத்தால் ஏலம். கடைசியில் சேர்ந்த தங்கம் எல்லாருக்கும் பிரியும். நம் ஊர் ஏலச்சீட்டை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: அவசரக்காரர் எடுத்துக்கொள்கிறார், பொறுத்தவருக்குப் பங்கு வருகிறது. வெறுங்கையோடு யாரும் போவதில்லை என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் தங்கத்தை வெளியே உண்மையான பணத்துக்கு வாங்க முடியும். அப்படி வாங்கியவர் ஏலத்தில் ஜெயிப்பார். உழைப்பைக் கணக்கிடப் பிறந்த முறை இப்படிப் பணப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில், கிளாசிக்கின் ஒரு வடிவமான சீசன் ஆஃப் டிஸ்கவரியின் இரண்டாம் கட்டத்தில், பிளிஸார்டு அதைத் தடை செய்தது. அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன்.

மற்றது 'சாஃப்ட் ரிசர்வ்'. ரெய்டு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒரு பொருளையோ இரண்டையோ பட்டியலில் எழுதிவிட வேண்டும். அது விழுந்தால், எழுதியவர்களுக்குள் மட்டும் குலுக்கல். உழைப்பையும் நட்பையும் இது கணக்கில் எடுப்பதில்லைதான். ஆனால் பொருள் கண்ணுக்குத் தெரியுமுன்பே உரிமை எழுத்தில் இருக்கிறது. எல்லார் எழுதியதும் எல்லாருக்கும் தெரிகிறது. தலைவர் நடுவில் மனம் மாற இடமில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இதுவரை வரவில்லை.

ரெய்டு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த முறையையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாஸை அடிக்குமுன் எல்லாரும் படிக்கும்படி எழுதிப் போட்டுவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஆடப் போகிறவர்களோ, அழைப்பை ஏற்குமுன் லூட் விதி என்னவென்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த ரெய்டுக்குப் போகாதீர்கள்.