முதுமைக்கு எந்த நாடு? நோயுற்ற நாளை எண்ணித் தேர்ந்தெடுங்கள்

தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியை ஒட்டிய ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் ஒரே கேள்வி இன்று இரு திசைகளிலிருந்தும் எழுகின்றது. 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் கடல் கடந்து, கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உழைத்து, இளைப்பாறும் பருவத்தை எய்தியவர்கள் எஞ்சிய ஆயுளைக் கொழும்பிலே கழிக்கலாமா என்று யோசிக்கின்றனர். பிள்ளைகளை அந்நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இங்கே தனித்திருக்கும் பெற்றோர், தாமும் அவர்களிடம் போய்விடலாமா என்று யோசிக்கின்றனர். வீட்டின் விலை, நாணய மாற்று, கோயிலின் தூரம், உறவினரின் அண்மை ஆகிய யாவும் இந்த ஆலோசனையில் இடம்பெறுகின்றன. ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் முன்னே வைத்து விசாரிக்கவேண்டியது தேக சௌக்கியமே என்பதும், அதையும் இன்றைய ஆரோக்கியத்தைக் கொண்டன்றி, படுக்கையில் விழக்கூடிய ஒரு நாளைக் கொண்டே அளக்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சீதோஷ்ணமும் முதிர்ந்த தேகமும்

குளிர்நாட்டுக்குப் போகும் முதியவருக்கு முதற்பகை எலும்பின் பலவீனம். நம்மவரின் கருநிறச் சருமம் வைற்றமின் டியை உண்டாக்குவதற்கு வெண்ணிறச் சருமத்தைவிட அதிக வெயிலை வேண்டி நிற்பது. கனடாவிலோ ஐப்பசி முதல் பங்குனி வரையிலான காலத்துச் சூரியன் அதற்குப் போதாது. கம்பளியால் உடலை மூடி, வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்காக இருக்கும் ஒரு தாய், எலும்பு நலிந்த நிலையில் பனிக்கட்டி படிந்த நடைபாதையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலும், இடுப்பெலும்பு முறிந்து, மீண்டும் தன்னந்தனியாக நடக்கமாட்டாதவளாகிவிடக்கூடும். ஆகையால் பிரயாணத்துக்கு முன்னரே எலும்பின் வலிமையையும் வைற்றமின் டியின் அளவையும் குறித்து வைத்தியரிடம் பேசுவது அவசியம்.

பல்லாண்டு குளிரில் வாழ்ந்து கொழும்புக்குத் திரும்புபவரின் இடர் வேறு வகையினது. இங்குள்ள காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை; உடலின் சூடும் தணிவதில்லை. வயோதிகத்தில் தாகவுணர்ச்சி மங்கிவிடுவதால், இரத்த அழுத்தத்துக்காகவோ இருதய நோய்க்காகவோ சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் தம்மையறியாமலே நீர்ச்சத்தையும் உப்புச்சத்தையும் இழந்து, தலைசுற்றி விழுவதும் சித்தங் கலங்குவதும் உண்டு. குளிர்நாட்டு வைத்தியர் வகுத்த மருந்தளவு வெப்பநாட்டுக்குப் பொருந்துகின்றதா என்பதை வந்த முதல் வாரங்களிலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மலேரியா ஒழிக்கப்பட்ட நாடென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தால் இலங்கை அங்கீகரிக்கப்பட்டது பெருமைக்குரியது. ஆனால் டெங்கு நம்மை விட்டபாடில்லை. 2017ஆம் ஆண்டில் நாடெங்கும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். பகலிலே கடிக்கும் அந்த நுளம்பு, மழைக்குப் பின்னர் பூச்சாடித் தட்டிலும் அடைபட்ட பீலியிலும் தேங்கும் தெளிந்த நீரிலே பெருகுகின்றது. காய்ச்சல் கண்டால் டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரையில் பரசிற்றமோலைத் தவிர அஸ்பிரினையோ இபுபுரொஃபனையோ உட்கொள்ளலாகாது. இருதயத்துக்காக ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

வைத்தியசாலையின் வாசல் யாருக்குத் திறந்திருக்கும்?

தெமட்டகொடைவாசிக்கு வாய்த்த பாக்கியம், 1864ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கொழும்புப் பெரியாஸ்பத்திரி, இன்றைய தேசிய வைத்தியசாலை, கூப்பிடு தூரத்தில் இருப்பது. கண் வைத்தியசாலையும் அதன் அயலிலேயே உண்டு. 2016ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசரிய’ அம்புலன்ஸ் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வருகின்றது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி ஒன்று கையிலிருந்தால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாந்தம் மருந்து பெறலாம். எனினும் நீண்ட வரிசையில் காத்திருக்கத் தேகபலம் வேண்டும் என்பதையும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளே தட்டுப்பட்டன என்பதையும் மறந்துவிடலாகாது. தனியார் வைத்தியசாலையை நம்புவோர், முதிர்ந்த வயதில் காப்புறுதி பெறுவது அரிதென்பதையும், முன்னரே உள்ள நோய்களுக்கு அது பெரும்பாலும் ஈடுகொடாதென்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றதனால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர்கள், 55 வயதைக் கடந்திருப்பின் அந்த வயதையே ஆதாரமாகக் காட்டி இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இது வெறும் கடதாசி விவகாரமென்று எண்ணித் தள்ளிப்போடுவோர், நோய் வந்த பின்னர் விசாவுக்காகவும் அலைய நேரும்.

இங்கே குடியேறுவதனால் அங்கே எதை இழக்கின்றோம் என்பதும் ஆராயத்தக்கது. ஒண்டாரியோ மாகாணத்தின் அரசாங்க வைத்தியக் காப்புறுதி நிலைப்பதற்கு, பொதுவாக எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் 153 நாட்கள் அம்மாகாணத்தில் இருந்தாக வேண்டும். பிரித்தானியாவில் இலவச வைத்தியசாலைச் சிகிச்சை அங்கே வழக்கமாக வசிப்பவருக்கே உரியது. நிரந்தரமாக வெளியேறியவர் எத்தனை ஆண்டு வரி செலுத்தியிருந்தாலும் அவ்வுரிமையைத் தானாகக் கோரமுடியாது.

பிள்ளைகளிடம் போக விரும்பும் பெற்றோருக்கும் வாசல்கள் ஒரே மாதிரியாகத் திறப்பதில்லை. கனடாவின் ‘சுப்பர் விசா’வுக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர் பெறுமதியான வைத்தியக் காப்புறுதி வேண்டும், அப்பத்திரத்தில் பழைய நோய்கள் பற்றிய நிபந்தனைகளை வரிவரியாக வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பிரித்தானியாவோ 2012ஆம் ஆண்டில் விதிகளை இறுக்கி, வயோதிபப் பெற்றோரை அழைப்பதைப் பெரும்பாலும் அரிதாக்கிவிட்டது.

ஓய்வூதியம் மருந்துக்குப் போதுமா?

நோயின் செலவு ஆண்டுதோறும் ஏறுவது. ஓய்வூதியமும் அதனோடு ஏறுமா என்பதே கேள்வி. பிரித்தானிய அரச ஓய்வூதியம், அந்நாட்டில் வாழ்வோருக்கு வருடாவருடம் உயர்த்தப்படினும், இலங்கையில் வாழ்வோருக்கு உயர்த்தப்படுவதில்லை. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை அந்நாட்டுக்கு வெளியே தொடர்ந்து பெறுவதற்கு, 18 வயதின் பின்னர் பொதுவாக 20 ஆண்டுகளாவது அங்கு வசித்திருக்கவேண்டும். வறிய முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவோ, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நின்றுவிடும். இவ்விதிகளை அறியாமல் திரும்பி வந்தவர், முதலில் குறைப்பது உணவையும் மருந்தையுமே. அதன் பலனை இருதயமும் சிறுநீரகமும் அனுபவிக்கின்றன.

நாடு மாறும்போது மருந்தும் பெயர் மாறும்

இங்கே பரசிற்றமோல் என்று வழங்கும் மருந்து கனடாவில் அசற்றமினோஃபென் எனப்படும். நீரிழிவுக்கான கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட் எனப்படும். இரண்டும் ஒன்றே என்றறியாமல் இரு பெட்டிகளிலிருந்தும் மாத்திரை எடுத்து, ஈரலுக்குத் தீங்கு விளைவித்துக்கொள்வதும், இரத்தத்தில் சீனி அபாயகரமாக இறங்கி மயங்குவதும் நிகழக்கூடியவை. வியாபாரப் பெயரை விடுத்து, மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் வேளையையும் எழுதிய ஒரு பட்டியலை எப்போதும் உடன்வைத்திருத்தல் வேண்டும்.

விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாதிருப்பது, காலின் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்கும். கொழும்பிலிருந்து ரொறன்ரோ செல்லும் முதியவர் இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும், நீர் அருந்துவதும் நன்று. இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லவேண்டும். பொதியறையின் குளிரில் அது உறைந்து பயனற்றதாகிவிடலாம்.

தனிமையும் தாய்மொழியும்

முதியோரின் உடலை மெல்ல அரிக்கும் நோய்களுள் தனிமை முதன்மையானது. பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கிய ஏழாம் மாடி வீட்டில், பேச்சுத்துணையின்றி இருப்பவர் வெள்ளவத்தையிலும் உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பனிபெய்யும் யன்னலைப் பார்த்திருப்பவர் ரொறன்ரோவிலும் உண்டு. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டபோது, மின்தூக்கியை நம்பி மேல்மாடியில் வாழும் நோயாளிக்கு வீடே சிறையாகும் என்பது தெளிவாயிற்று.

மறதிநோய் கண்டவர்கள் பலர், பின்னாளிற் கற்ற ஆங்கிலத்தை இழந்து, குழந்தைப் பருவத்துத் தாய்மொழிக்கே மீள்கின்றனர். வயிறு வலிக்கின்றதென்று தமிழிலே சொல்லும் ஒருவரை விளங்கிக்கொள்ளாத தாதியின் கையில் ஒப்படைப்பது எத்தகைய துன்பம்! தமிழ் பேசும் அயலும், நடந்துபோகக்கூடிய கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, நாளொருமுறை கதவைத் தட்டி விசாரிக்கும் ஒருவரும் இருக்கும் இடம் தெமட்டகொடையாயினும் ஸ்காபரோவாயினும், அதுவே முதுமைக்கு மருந்தாகும்.

முடிவெடுக்குமுன் செய்யவேண்டியவை

1. வீட்டை விற்பதற்கு முன்னர், குறிக்கப்பட்ட ஊரில் வாடகைக்கு ஓராண்டு வாழ்ந்து, அங்கே கடும் மாரியையும் கோடையையும் உடல் எவ்வாறு தாங்குகின்றது என்று பாருங்கள்.

2. கண், பல், செவி, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் புறப்படுமுன் பரிசோதித்து, அறிக்கைகளின் பிரதியைக் கையில் வையுங்கள். தடுப்பூசிகள் பற்றியும் கேளுங்கள்.

3. அவசர வேளையில் எந்த வைத்தியசாலை, எவ்வளவு தூரம், யார் செலவு, யார் துணை என்ற நான்குக்கும் விடையை எழுதி, பிள்ளைகளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

4. கணவன் மனைவி இருவரில் ஒருவர் மறைந்த பின்னர் மற்றவர் அவ்விடத்தில் தனித்து வாழமுடியுமா என்பதை, மனங்கூசாமல் இருவரும் கூடிப் பேசுங்கள்.

எந்த நாடும் சகலருக்கும் உகந்ததன்று. எழுந்து நடமாடும் வரையில் எந்நாடும் இன்பமாகத் தோன்றும். எழமுடியாத நாளில் வைத்தியரும் மருந்தும் தமிழிலே பேசும் ஒரு துணையும் எங்கே எளிதிற் கிட்டுமோ, அங்கேயே குடியிருங்கள். அந்த முடிவை, தேகமும் சித்தமும் உங்கள் வசத்திலிருக்கும் இப்போதே எடுத்துவிடுங்கள். காலந்தாழ்த்தினால் உங்களுக்காகப் பிறர் எடுக்க நேரும்.