காற்றுக்கும் ஓர் அளவு உண்டு

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் கடைவீதியில் நின்று பார்த்தால், முடிச்சூர், சேலையூர் பக்கங்களிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கு விரையும் பிள்ளைகளைக் காணலாம். 2001-ஆம் ஆண்டில் மாணவிகள் சிலருக்கெனத் தொடங்கி, பின்னர் மாணவர்களுக்கும் விரிந்த அரசாங்கத்தின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால், ஏழை வீட்டிலும் இன்று ஒரு சைக்கிள் இருக்கிறது. சைக்கிள் வந்த அளவுக்கு, அதற்குக் காற்றடிக்கும் முறை வந்ததா என்பதுதான் கேள்வி.

பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியரான டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்று டயரை 1888-ல் பதிவு செய்தார். அதில் நம் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று; உள்ளே அடைபட்ட காற்றே. காற்று குறைந்தால் குழியில் விழும்போது டியூப், இரும்பு வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டிடத்தில் ஓட்டையாகும். மிகுந்தால் வெடிக்கும்.

ஆபத்து பெரும்பாலும் இயந்திரக் குழாயிடத்தில் நேருகிறது. கார் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் போதும். ஆனால் அது கொள்ளும் காற்று, சைக்கிள் டியூப் கொள்வதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சைக்கிளுக்கோ அழுத்தம் அதிகம், காற்று கொஞ்சம். ஆகவே காருக்கு நிமிஷக் கணக்கில் பிடிக்கும் குழாயைச் சைக்கிளில் சில விநாடி பிடித்தாலே எல்லை கடந்துவிடும். குனிந்து முகத்தை அருகே வைத்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் அந்த வெடிப்பு கெடுதல் செய்யும்.

செய்ய வேண்டியவை சிலவே. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையை முதலில் படிக்க வேண்டும். இயந்திரக் குழாயானால் ஒரு கணம் திறந்து மூடி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, மீண்டும் திறக்க வேண்டும். டியூபை மாற்றியிருந்தால், கொஞ்சம் காற்றடித்ததும் நிறுத்தி, டயரின் ஓரம் சுற்றிலும் வளையத்தில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா, டியூப் எங்கேனும் பிதுங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். முகம் எப்போதும் சக்கரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

சாதாரணச் சைக்கிளின் வால்வில் ஒரு சிறு ரப்பர்க் குழல் உண்டு, வால்டியூப் என்பார்கள். பம்பின் காற்று அதை விலக்கி உள்ளே செல்லும். பிறகு அது தானே ஒட்டி மூடிக்கொள்ளும். அது நைந்தால் காற்று கசியும். அதை மாற்றுமுன் மறையை மெல்லத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரமாகக் கழற்றினால் வால்வு அம்பைப்போல் பாயும்.

வெயில் டயரை வெடிக்கச் செய்யும் என்பது பாதி உண்மை. காலை 30 டிகிரி சூட்டில் 60 பவுண்டு அடித்த டயர், ஸ்டேஷன் வாசல் வெயிலில் 60 டிகிரியை எட்டினாலும் அழுத்தம் ஏறக்குறைய 67 பவுண்டுதான் ஆகும். நல்ல டயருக்கு இது பெரிதன்று. எல்லை மீறி அடித்த டயரும், பக்கவாட்டில் நூல் தெரியும் பழைய டயருமே இதைத் தாங்கமாட்டா.

வீட்டில் ஒரு கைப்பம்பு இருப்பது நலம். அழுத்தம் ஏற ஏறக் கை கனக்கும். போதும் என்பதைக் கையே உணர்த்திவிடும். இயந்திரம் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளைக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுக்கும் பெற்றோர், பம்பையும் அதன் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும்.