குண்டளை ரயிலும் ஓரங்குலப் பாதையும்

நவராத்திரி வந்துவிட்டால் கல்பாத்தி முதலான பாலக்காட்டு அக்கிரகாரங்களில் கொலுப்படிகளுக்குக் கீழே பிள்ளைகள் 'பார்க்' கட்டுவார்கள். சில நாட்களுக்கு முன்பே தட்டில் விதைத்த கடுகும் கேழ்வரகும் முளைத்துப் புல்வெளியாக நிற்க, கண்ணாடித் துண்டு குளமாகி, தீப்பெட்டி அட்டை வீடாகி, மணற்பாதையில் மண் பொம்மைகள் ஊர்வலம் போகும். மார்கழி பிறந்ததும் இடுக்கி மலைப்பிரதேசத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தார் இதே சாமர்த்தியத்தை வைக்கோலையும் பாசியையும் கொண்டு குடில் அமைப்பதில் காட்டுவார்கள். மேனாட்டார் டயோராமா என்று பெயரிட்டு மியூசியங்களில் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுகிற கலை, நம் வீடுகளில் ஆண்டுக்குச் சில நாட்கள் உயிரோடிருந்துவிட்டுக் குப்பைக்குப் போய்ச் சேருகிறது. கம்ப்யூட்டரில் சித்திரம் எழுதுகிறவர்களும் விளையாட்டுகள் படைக்கிறவர்களும் இன்று இந்தக் கைவேலையை நாடி வருவதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கலாம்.

1822இல் பாரிஸ் நகரத்தில் லூயி டகேர் என்பவர் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து டயோராமா என்ற அரங்கத்தைத் திறந்து, மெல்லிய துணியில் தீட்டிய பிரம்மாண்டமான சித்திரங்களுக்கு முன்னும் பின்னும் ஒளியை மாற்றி மாற்றிச் செலுத்திப் பகலை இரவாக்கிக் காட்டினார். அந்த அரங்கம் 1839இல் எரிந்து போயிற்று. அதே ஆண்டில்தான் அவர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே மாதிரிக் காட்சிக்கும் காமிராவுக்கும் உள்ள உறவு பிறப்பிலேயே ஏற்பட்டதாகும். நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்களல்லர். 1957இல் வெளிவந்த மாயாபஜார் படத்துக்காக 50 அடிக்கு 60 அடி பரப்பில் சுமார் 300 குட்டி வீடுகளோடு துவாரகாபுரியைச் சென்னையில் நிர்மாணித்தார்கள். அதைப் படம் பிடித்த மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணத்தில் அது நிஜ நகரமாகவே திரையில் தோன்றிற்று. அண்மையில் ஜெர்மனியில் செய்யப்பட்ட 'ட்ரூபர்புரூக்' (2019), 'ஹெரால்ட் ஹாலிபட்' (2024) ஆகிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் அரங்கங்கள் யாவும் கையால் செய்யப்பட்டுப் பின்னர் கம்ப்யூட்டருக்குள் ஏற்றப்பட்டவையே.

பாலக்காட்டிலோ இடுக்கியிலோ இருக்கும் ஒருவர் எதை மாதிரி செய்யலாம் என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைக் காட்டிலும் தகுந்த விஷயம் வேறில்லை. மூணாற்றிலிருந்து, இன்றைய தேனி மாவட்டத்தின் எல்லையில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை, தேயிலையைக் கொண்டு செல்வதற்காக 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. பாரத்தின் பெரும்பகுதியை அந்த ஒரே தண்டவாளம் தாங்க, பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்க, மாடுகள் இழுத்துச் சென்றன. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போயின. கேரளத்து மலையின் விளைச்சல் தமிழ்நாட்டுச் சமவெளி வழியாகவே உலகத்துக்குப் போனது. மலையாளிகள் தங்கள் ஆண்டுக் கணக்கை வைத்து இன்றளவும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று சொல்லும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. பிறகு அதை யாரும் புதுப்பிக்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் ஒன்றை மாதிரி செய்தால் அழகான பொம்மை கிடைக்கும். மறைந்த ஒன்றைச் செய்தாலோ சரித்திரத்தில் ஒரு துண்டு திரும்பக் கிடைக்கும். வேண்டிய உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு விகிதம். இருபத்துநான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது இந்த ரயிலுக்கு வெகு சௌகரியம். இரண்டடிப் பாதை ஓரங்குலமாகிவிடும். ஐந்தரை அடி மனிதன் இரண்டேமுக்கால் அங்குலம், இடுப்புயரத் தேயிலைச் செடி ஒன்றரை அங்குலம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஐந்துக்கு ஆறு அங்குலம் என்று மனக்கணக்காகவே எல்லாம் வந்துவிடும். ஒரு பொருள் விகிதம் தவறினாலும் காட்சி முழுவதும் பொம்மைக் கடையாகிவிடுமாதலால், கொலுவுக்கு வாங்கிய மாடு அழகாயிருக்கிறதே என்று ஆசைப்பட்டு நுழைத்துவிடாமல் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும்.

பொருள்களுக்காக வெளிநாட்டுக் கடைகளைத் தேட வேண்டியதில்லை. தெர்மகோலை அடுக்கி அறுத்து, மேலே காகிதக்கூழ் பூசினால் மலை. ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, கொழுந்து பறித்த தேயிலைக்காட்டுக்கே உரிய தட்டையான மேற்புறம் வரும்படி கத்தரித்தால் செடிகள். ஈர்க்குகளை நெருக்கமாக வரிசையில் ஒட்டி அதன்மேல் மெல்லிய அலுமினியத் தாளை வைத்து விரலால் அழுத்தினால் நெளிதகரக் கூரை. குடித்து முடித்த தேயிலைத் தூளை வெயிலில் உலர்த்தித் தூவினால் மலைமண். (மூணாற்றுத் தேயிலை மூணாற்று மண்ணாகவே ஆவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.) கடையிலிருந்து வந்தது போல் எதுவும் பளபளக்கக் கூடாது, கூரை விளிம்பில் துருவும் சுவரின் அடியில் சேறும் தீட்டாமல் விட்டால் அங்கே மழை பெய்த ஊர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இக்கலையில் பிரதானமானது. கொலுவைப் பார்க்க வருகிறவர்கள் நின்று, குனிந்து, பக்கவாட்டிலும் எட்டிப் பார்க்கிறார்கள். காமிராவோ ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. ஆகவே அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதை நிச்சயித்த பிறகே ஒரு செடியையாவது நட வேண்டும். அதற்குத் தெரியாத பின்புறம் எந்தச் சுவருக்கும் வேண்டியதில்லை. அருகிலுள்ள வண்டியை இருபத்துநான்கில் ஒன்றாகவும், நடுவிலுள்ள லயத்தை நாற்பத்தெட்டில் ஒன்றாகவும், கடைசி மலைமேல் உள்ள குடிசையைத் தொண்ணூற்றாறில் ஒன்றாகவும் செய்தால், மூன்றடி மேஜையில் ஒரு பள்ளத்தாக்கின் தூரம் வந்துவிடும். மேலிருந்து பிடித்த படம் எப்போதும் பொம்மையின் படமே. அந்தச் சிறு மனிதனின் கண்மட்டமாகிய இரண்டரை அங்குல உயரத்திலிருந்து பிடிக்க வேண்டும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் லென்ஸ் தரையோடு தரையாக வந்துவிடும்.

மிக அருகிலிருந்து பிடிக்கும்போது ஒரு பொருள் மட்டும் தெளிந்து, மற்றவை மங்கிப் போவது இயல்பு. அந்த மங்கலைக் கண்டதும் நம் மனம் இது சிறியது என்று சொல்லிவிடுகிறது. லென்ஸின் துவாரத்தைக் குறுக்குவதும், முன்னும் பின்னும் குவியத்தை மாற்றிப் பிடித்த பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரங்கள். பெரிய காமிராவைவிடக் கைப்பேசியின் சிறிய லென்ஸில் தெளிவின் ஆழம் அதிகமென்பது ஏழைச் சித்திரக்காரனுக்குக் கிடைத்த வரப்பிரசாதம். வெளிச்சத்துக்குக் காலை வெயில் ஒன்றே போதும். ஜன்னல்களுக்குள் கலர் கலராக எல்இடி விளக்குகளைச் சொருகுவதை நான் ஆதரிப்பதில்லை. 1910ஆம் ஆண்டு லயத்தில் அவ்வளவு விளக்கு ஏது?

மூணாறு என்றால் மூடுபனி வேண்டுமே என்பீர்கள். ஊதுவத்திப் புகை விட்டால் அதன் சுருள்களே குட்டை வெளிப்படுத்திவிடும். மலைவரிசைகளுக்கு நடுவே மெல்லிய மஸ்லின் துணியையோ டிரேசிங் காகிதத்தையோ திரையாகத் தொங்கவிட்டு, தூரத்து மலைகளை வெளிறிய நீலமாகத் தீட்டினால் நல்ல பனி கிடைக்கும். தண்ணீர் இதைவிடப் பிடிவாதமானது. எவ்வளவு சிறிய ஆற்றிலும் துளியின் பருமன் குறைவதில்லை. வெள்ளம் பாய்வதைச் சலனப்படமாக எடுக்க விரும்பினால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தின் அளவுக்குக் காலத்தை நீட்ட வேண்டும். இருபத்துநான்கின் வர்க்கமூலம் ஏறக்குறைய ஐந்து. ஆகவே வினாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டிய காட்சியை 120 படங்களாக எடுக்க வேண்டும். பல கைப்பேசிகளில் உள்ள ஸ்லோமோஷன் வசதியின் வேகம் சரியாக இதுதான்.

காட்சியை விளையாட்டில் புகுத்தவோ, பார்ப்பவர் அதற்குள் சுற்றி வரவோ விரும்புகிறவர்கள் போட்டோகிராமெட்ரி என்ற முறையைக் கையாள வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியின் ஸ்தானத்தையும் கம்ப்யூட்டர் கணித்து முப்பரிமாண உருவமாக்கித் தருகிறது. இதற்கு மெஷ்ரூம் என்ற மென்பொருளும், உருவத்தைத் திருத்துவதற்குப் பிளெண்டர் என்பதும் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னே சொன்ன காலை வெயில் இங்கே உதவாது. நிழல்கள் உருவத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். இடவப்பாதி மழைக்காலத்து மேகமூட்டம் இதற்கு உத்தமமான வெளிச்சம். கண்ணாடியும் பளபளப்பும் கணக்கைக் குழப்பும் என்பதால், அவற்றின்மீது மெல்ல டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள். ஒற்றைக் கண்ணுக்காகச் செய்த மாதிரி இதற்கும் உதவாதென்பதால், எந்த உபயோகத்துக்கு என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.

ரயிலின் உருவத்தை அறிவதற்குச் சாதனங்கள் கொஞ்சமே. மூணாறு தேயிலை மியூசியத்தில் அந்த ரயில் என்ஜினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஒற்றைத் தண்டவாள அமைப்பு எப்படியிருந்தது என்பதை, அதே முறையில் செய்யப்பட்டு டில்லி ரயில்வே மியூசியத்தில் காக்கப்படும் பட்டியாலா வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் லயங்களின் வாசல், ஸ்டேஷனில் பெட்டி தூக்கியவர்களின் உடுப்பு, மாடு பூட்டிய விதம் முதலியவற்றை மியூசியச் சக்கரம் சொல்லாது. மூணாறு, தேவிகுளம், போடி, கொட்டகுடிப் பக்கங்களில் தோட்டத்து உறவுள்ள குடும்பத்தார் யாரிடமேனும் 1924க்கு முந்திய புகைப்படம் ஒன்று பெட்டியடியில் கிடக்குமானால், அது கரையான் வாய்ப்படுமுன் நல்ல வெளிச்சத்தில் நகலெடுத்து, படத்தில் இருப்பவர்கள் யார், இடம் எது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறேன்.